மரணத் தறுவாயிலுள்ள சிசுவுக்குச் சோதனை மருந்து தரலாமா?



உயிர்க்கொலை புரியேன் என்னும் முதற் சீலத்தை ஒவ்வொரு பௌர்ணமியிலும் நாம் கூறி ஏற்கின்றோம். கொல்லாமை அச்சீலத்தின் ஒரு பக்கம். பேணுதல் அதன் மறுபக்கம். இவ்விரண்டும் எக்காலத்தும் நம்மை ஒரே திசையில் நடத்துமென்று எண்ணியிருப்பவர், தீராநோயுடன் பிறந்த சிசுவின் தொட்டிலருகே ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். வைத்தியர் வருகின்றார். “இந்நோய்க்கு மருந்தில்லை. ஆராய்ச்சியில் இருப்பது ஒன்று உண்டு. கொடுத்துப் பார்க்கலாமா?” என்று வினவுகின்றார். கொடுத்தால் குழந்தையின் துன்பம் பெருகலாம். கொடாதொழிந்தால் மரணம் உறுதி. தாய் தந்தையர் முகத்தைப் பார்க்கின்றாள். தந்தை நம் முகத்தைப் பார்க்கின்றார். அவ்விடத்து நாம் என்ன சொல்வது என்பதே இன்றைய பாடம்.

வடமாலபேட்டையைச் சுற்றியுள்ள நம் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தி அன்று. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு. காய்ச்சல் முற்றினால் திருப்பதி ரூயா ஆஸ்பத்திரி. அதற்கும் மேலென்றால் வேலூர் அல்லது எழும்பூர். இவ்வழியில் சிசுவைத் தோளிலிட்டுச் சென்றவர் நம்மில் அநேகர். இந்த நாட்டின் எந்தப் பெரிய வைத்தியசாலையிலும் ஒரு நாள் பல பக்கங்கள் கொண்ட காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கக் கூடும். வீட்டிலே தமிழ் பேசிப் பள்ளியிலே தெலுங்கு படித்த நம் இளைஞர், தமிழில் எழுதிய காகிதத்தைப் படிக்கமாட்டாமலும், ஆங்கிலம் என்றால் கேட்கவே கூசியும், “வைத்தியர் நல்லதற்குத்தான் சொல்வார்” என்று பேனாவை வாங்கிவிடுகின்றனர்.

அங்குத்தர நிகாயத்தில் பகவான் புத்தர் நோயாளரை மூவகையாகப் பிரிக்கின்றார். தக்க உணவும் மருந்தும் பணிவிடையும் பெற்றாலும் பெறாவிடினும் குணமடையாதவன் ஒருவன். பெற்றாலும் பெறாவிடினும் குணமடைபவன் மற்றொருவன். பெற்றால் மட்டுமே குணமடைபவன் மூன்றாமவன். இம்மூன்றாமவன் பொருட்டே மருந்தும் பணிவிடையும் அனுமதிக்கப்பட்டன. அவனை முன்னிட்டு ஏனைய இருவரையும் பேணவேண்டும் என்பது போதனை. இதன் உட்கருத்தாக நான் விளங்கிக் கொண்டதைச் சொல்கின்றேன். மூவரும் படுக்கையில் ஒரே விதமாகவே கிடக்கின்றனர். இன்னார் இன்ன வகை என்பது பெரும்பாலும் பின்னரே புலப்படுகின்றது. ஒரு காலத்தில் முதல் வகையினன் என்று கைவிடப்பட்டவன், மருந்து கண்டுபிடிக்கப்பட்ட மறுநாள் மூன்றாம் வகையினன் ஆகிவிடுகின்றான்.

இதற்குச் சான்று நம் காலத்திலேயே உண்டு. எஸ்.எம்.ஏ. என்று வைத்தியர்கள் சுருக்கிச் சொல்லும் முதுகுத்தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோயின் கொடிய வகை, பிறந்து ஆறு மாதத்திற்குள் தலைகாட்டுகின்றது. குழந்தை தலைதூக்காது, பின்பு பால் விழுங்காது, பின்பு மூச்சிழுக்க வலுவிராது. மருந்தில்லாத நாளில் இக்குழந்தைகளில் பெரும்பாலானவை இரண்டு வயது நிரம்புமுன் இறந்தன, அல்லது சுவாச யந்திரத்தோடு கட்டுண்டு கிடந்தன. அறிவும் கண்ணொளியும் சிரிப்பும் குன்றாமலிருக்க, உடல் மட்டும் அடங்கிப்போவது இந்நோயின் கொடுமை. தாய் தந்தை இருவரிடமும் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும் ஒரு மரபணுக் குறை, இருவரிடமிருந்தும் ஒரே குழந்தைக்கு இறங்கும்போது இந்நோய் உண்டாகின்றது. ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கம் இத்தகைய நோய்களுக்கு வாசலை அகலத் திறக்கின்றது என்பதையும் இடையே சொல்லி வைக்கின்றேன்.

“முற்பிறவிப் பாவம் சிசுவைப் பிடித்தது” என்று ஊரார் கூறுவர். தம்மத்துக்கு வந்த பின்பும் நம்மிற் சிலர் கர்மம் என்ற சொல்லை எடுத்து அதையே சொல்கின்றனர். சம்யுத்த நிகாயத்தில் மோலியசீவகன் என்னும் பரிவிராஜகன் இதையே வினவியபோது, பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனக் குறைவு, பிறர் செய்யும் தாக்குதல், கர்ம விளைவு என எட்டுக் காரணங்களைப் பகவான் எடுத்துரைத்தார். எட்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏழைத் தள்ளுவது பௌத்தம் அன்று. நோயுற்ற சிசுவின் தாயிடம் அதைச் சொல்வது கருணையும் அன்று.

நிற்க. இந்நோய்க்கு நுசினெர்சென் என்னும் மருந்தை முதுகுத்தண்டில் ஊசிவழி செலுத்திச் சோதித்தனர். 121 சிசுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. குலுக்கல் முறையில் 80 சிசுக்கள் மருந்துப் பக்கம். 41 சிசுக்கள் மருந்தில்லாப் பக்கம். மருந்தில்லாப் பக்கத்துச் சிசுவையும் தனியறைக்கு எடுத்துச் சென்று, இடுப்புக்கு மேலே தோலில் ஊசியால் ஒரு சிறு குத்துக் குத்திக் கட்டொட்டித் திருப்பிக் கொடுத்தனர். தன் குழந்தை எந்தப் பக்கம் என்பது பெற்றோருக்குத் தெரியலாகாது என்பதே இதன் நோக்கம். முடிவில் மருந்துப் பக்கத்தில் 100-க்கு 16 சிசுக்களும், மறுபக்கத்தில் 100-க்கு 39 சிசுக்களும் இறந்திருந்தன. நடுவிலே கணக்குப் பார்த்த குழு மருந்தின் பயன் தெளிவானதைக் கண்டவுடன் 2016-ஆம் ஆண்டில் சோதனையை முன்கூட்டியே நிறுத்தச் செய்தது. எஞ்சியிருந்த சிசுக்களுக்கு உண்மையான மருந்து பெறும் வழி திறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவில் மருந்து அனுமதி பெற்றது.

மருந்தில்லாப் பக்கத்தில் இறந்த சிசுக்களைப் பற்றி என்ன சொல்வது? என் ஆலை வாழ்வில் புதிய பஞ்சுக் கலவை வந்தால் அதனை எல்லா யந்திரங்களிலும் ஏற்றமாட்டோம். ஓரிடத்தில் பழையதும் ஓரிடத்தில் புதியதுமாக ஓட்டி, எதில் எத்தனை இழை அறுகின்றது என்று எண்ணுவோம். அவ்வாறு எண்ணாமல் புதியது சிறந்ததென்று யாரும் துணிந்து சொல்ல இயலாது. ஆயினும் அறுந்த இழையை விரலால் திரித்து ஒட்டிவிடலாம். சிசுவை அவ்வாறு ஒட்ட முடியாது. ஆகவே இப்படிப்பட்ட ஒப்பீட்டை நான் முற்றும் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனையோடு ஏற்கின்றேன். மருந்து பயன்படுமா என்பது சோதிப்பவருக்கே மெய்யாகத் தெரியாதிருக்கும் வரையில்தான் அஃது நீதி. தெரிந்த பின்பு, கணக்கு அழகாக முடிய வேண்டுமென்று ஒரு நாள் தாமதித்தாலும் அங்கே முதற் சீலம் முறிகின்றது. மேற்சொன்ன சோதனையில் நிறுத்தினார்கள். எல்லாரும் நிறுத்துவார்களா என்பதைப் பார்க்கத்தான் வெளியார் குழு வேண்டியிருக்கின்றது.

நம் தேசத்துக்கு வருவோம். 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி உதய் அறக்கட்டளை என்னும் டில்லி அமைப்பு கேட்ட கேள்விக்கு, டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் பதில் அளித்தது. 2006 ஜனவரி முதல் அங்கே 42 சோதனைகள் 4,142 குழந்தைகளிடம் நடந்தன. அவர்களுள் 2,728 பேர் ஒரு வயதுக்குட்பட்டோர். 49 பேர் இறந்தனர். இறந்தோர் முன்னமே கடும் நோயுற்று வந்தவர் என்றும், மருந்தினால் இறக்கவில்லை என்றும் கழகம் விளக்கியது. அந்த விளக்கம் மெய்யாகவே இருக்கட்டும். நான் கேட்பது வேறு. அக்குழந்தைகளின் பெற்றோரில் எத்தனை பேர், “இது சிகிச்சை அன்று, சோதனை” என்று அறிந்து கையெழுத்திட்டனர்? அரசாங்க ஆஸ்பத்திரியின் வராந்தாவில் துணி விரித்துப் படுத்திருக்கும் தகப்பனுக்கு வைத்தியர் சொல் அனைத்தும் சிகிச்சையாகவே தோன்றும். மறுத்தால் படுக்கை போய்விடுமோ என்ற அச்சம் வேறு. அச்சத்தில் இட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று நான் எண்ணமாட்டேன்.

பிரிவினைக்கு முந்திய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009-ஆம் ஆண்டில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பள்ளிச் சிறுமிகளுக்கு ஆய்வாக இட்டபோது, விடுதிச் சிறுமிகள் பலருக்காகப் பெற்றோர் அன்றி விடுதிக் காப்பாளரே ஒப்பமிட்டனர். சிறுமிகள் சிலர் இறந்த செய்தி பரவவே 2010 ஏப்ரலில் அவ்வாய்வு நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமன்று என்று விசாரணைக் குழு கண்டது. சம்மதம் பெற்ற விதத்தைப் பாராளுமன்றக் குழு 2013-இல் கடுமையாகக் கண்டித்தது. ஊசி குற்றமற்றதாயிருந்தும் செயல் குற்றமுடையதாகலாம் என்பதற்கு இஃது போதும்.

இவற்றுக்கெல்லாம் பிறகு, 2019-ஆம் ஆண்டில் புதிய மருந்துச் சோதனை விதிகள் வந்தன. சோதனையை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் ஏழு பேருக்குக் குறையலாகாது. வைத்தியம் படியாத பொதுமனிதர் ஒருவரும், பெண் ஒருவரும் இருந்தாக வேண்டும். விளக்கக் காகிதம் பெற்றோருக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். எழுதப் படிக்க அறியாதவர் எனில் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும். சோதனையால் கேடு நேர்ந்தால் இலவச வைத்தியமும், மரணம் நேர்ந்தால் இழப்பீடும் உண்டு. விரும்பியபோது விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தலாகாது. இவற்றை நம் சங்கத்து இளைஞர் மனப்பாடம் செய்து வைத்திருப்பது நலம். இன்னொன்றும் உண்டு. முறையான சோதனையில் நோயாளியிடம் மருந்துக்கு விலை வாங்குவதில்லை. தீராநோய்க் குழந்தைகளுக்கு ஸ்டெம் செல் ஏற்றுகிறோமென்று லட்சக்கணக்கில் கேட்கும் கடைகள் நகரங்களில் உள்ளன. இரத்த நோய்கள் சில நீங்கலாக ஏனையவற்றுக்கு அதைச் சோதனைக்கு வெளியே சிகிச்சையாகத் தரலாகாதென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருக்கின்றது. சோதனை என்றும் சொல்லிப் பணமும் கேட்பவனிடமிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சிலர் தானத்தைக் காட்டி வாதிப்பதுண்டு. “எப்படியும் இறக்கப் போகும் குழந்தை, அதன் உடலால் நாளைய குழந்தைகள் பிழைப்பார்களாயின் அஃது தான பாரமிதை அன்றோ?” என்பர். வெஸ்ஸந்தர ஜாதகத்தில் போதிசத்துவர் தம் மக்களையே தானமளித்ததை எடுத்துக்காட்டுவர். அக்கதையை முழுவதும் படியுங்கள். சாலியும் கண்ணாஜினையும் தாமரைக் குளத்து நீரில் இறங்கி ஒளிந்துகொண்டனர். அவர்களுக்கு விருப்பமில்லை என்பதைக் கதையே மறைக்கவில்லை. பிறருக்குத் துன்பம் தரும் தானம் தானமாகுமா என்று மிலிந்த மன்னன் நாகசேன தேரரை வினவினானெனின், அக்காலத்தவருக்கே அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது என்பது தெளிவு. வளர்ந்தவன் தன் உடலைச் சோதனைக்குத் தந்தால் அது தானம், அவனை வணங்குவோம். சிசுவின் உடல் தந்தையின் சொத்து அன்று. சாலிக்கு ஒளிந்துகொள்ளக் கால்களாவது இருந்தன. தொட்டிற் சிசுவுக்கு அதுவும் இல்லை. ஆகவே பெற்றோர் தர இயல்வது தானம் அன்று, காவல் மட்டுமே. இச்சிசுவுக்கே ஏதேனும் நன்மை வரக்கூடும் என்ற நியாயமான நம்பிக்கை இருந்தால் சம்மதிக்கலாம். நாளைய குழந்தைகளுக்கு மட்டுமே நன்மை என்றால், ஒரு துளி இரத்தம் எடுப்பது போன்ற சிறு துன்பத்துக்கு மேல் சம்மதிக்க நமக்கு உரிமையில்லை.

சோதனை வெற்றி பெற்ற பிறகு நடப்பதையும் பார்க்க வேண்டும். எஸ்.எம்.ஏ. நோய்க்கே சோல்ஜென்ஸ்மா என்னும் மரபணு மருந்தை அமெரிக்காவில் 15 சிசுக்களுக்கு ஒரே முறை செலுத்திப் பார்த்தனர். 20-ஆம் மாதத்தில் பதினைந்தும் நிரந்தரச் சுவாச யந்திரமின்றி உயிரோடிருந்தன, உயர்ந்த அளவு பெற்ற 12 குழந்தைகளில் 11 தாமே உட்கார்ந்தன, இரண்டு நடந்தன. அம்மருந்து 2019 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்போது அதன் விலை 21 லட்சம் டாலருக்கு மேல். 2021-ஆம் ஆண்டின் நம் நாட்டுக் கணக்கில் ஏறக்குறைய 16 கோடி ரூபாய். அனுமதி பெறாத நாடுகளின் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 100 வரை இலவசமாகத் தருவதாக நோவார்ட்டிஸ் கம்பெனி அறிவித்து, பெயர்களைக் குலுக்கலில் எடுத்தது. 2021-இல் கோயமுத்தூர்க் குழந்தை ஒன்றுக்குச் சீட்டு விழுந்தது, மகிழ்ச்சி. விழாத குழந்தைகளின் பெயரை யாரும் அச்சிடவில்லை.

அதே ஆண்டு மும்பையில் ஒரு குழந்தைக்குப் பொதுமக்கள் பணம் திரட்ட, மத்திய அரசாங்கம் ஏறக்குறைய 6 கோடி வரியைத் தள்ளுபடி செய்தது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் குழந்தைக்குச் சில நாட்களிலேயே 18 கோடி சேர்ந்தது. இன்னொரு கேரளக் குழந்தை, 16 கோடி அளவுக்குப் பணம் சேர்ந்த நிலையிலும் மருந்து வருமுன் கோழிக்கோட்டில் இறந்தது. புனேயில் ஒரு குழந்தை மருந்து பெற்று இரண்டு மாதத்திற்குள் இறந்தது. மருந்து ஏற்றிய பின் கல்லீரல் பழுதாகி இரு குழந்தைகள் வெளிநாடுகளில் இறந்த செய்தி 2022-இல் வெளியாயிற்று. அனுமதி பெற்றதாலேயே ஒரு மருந்தின் சோதனை முடிந்துவிடுவதில்லை.

ஜனங்களின் ஈகையை நான் குறைத்துப் பேசவில்லை. கூலிக்காரர்கள் பத்து ரூபாய் அனுப்பியதும் அதில் உண்டு. ஆனால் முகம் பத்திரிகையில் வந்த குழந்தைக்கு மருந்தும், வராத குழந்தைக்கு மரணமும் என்பது நீதியாகுமா? 2014 ஏப்ரலில் டில்லி உயர்நீதிமன்றம், கோஷே நோயுற்ற ஒரு ரிக்‌ஷா தொழிலாளியின் மகனுக்கு அரசாங்கமே மருந்து தர வேண்டுமென்று தீர்ப்பளித்தது. 2021-இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்து, 2022 முதல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்றாயிற்று. ஹைதராபாத் நிம்ஸ் அதற்கான மையங்களுள் ஒன்று. 2025 அக்டோபரில் ஹைதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ கம்பெனி, ரோஷ் கம்பெனியின் தடை வழக்கு டில்லி உயர்நீதிமன்றத்தில் தோற்றபின், இதே நோய்க்கு வாய்வழி தரும் ரிஸ்டிப்லாம் மருந்தைப் புட்டி 15,900 ரூபாய்க்கு வெளியிட்டது. அதுவரை ஒரு புட்டியின் விலை 6 லட்சத்துக்கு மேல். நாள்தோறும் தரவேண்டிய மருந்தாதலால் இதுவும் நம் வருவாய்க்குப் பெரிது. ஆயினும் அறுபத்திரண்டு பங்கு ஒரு நாளில் சுருங்கி இரண்டு பங்கானதைக் காணும்போது, விலை என்பது மருந்தின் இயல்பு அன்று, மனிதரின் லோபம் என்பது விளங்கும்.

எப்போது நிறுத்துவது என்பது இன்னும் கடினம். இங்கிலாந்தில் சார்லி கார்ட் என்னும் சிசு 2016 ஆகஸ்டில் பிறந்தது. உயிரணுக்களுக்குச் சக்தி தரும் பகுதியே குறையும் மிக அரிய நோய். இலண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரியார் முதலில் சோதனை மருந்து ஒன்றைத் தரவே எண்ணினர். அதற்குள் வலிப்பு மிகுந்து மூளை பழுதுற்றதால் வேண்டாமென்றனர். பெற்றோர் 13 லட்சம் பவுன் திரட்டி அமெரிக்கா கொண்டுசெல்ல விரும்பினர். 2017 ஏப்ரலில் நீதிபதி மறுத்தார், மேல்முறையீடுகளும் தோற்றன. மருந்து தர முன்வந்த அமெரிக்க நிபுணர் குழந்தையை நேரில் பார்த்தது ஜூலையில்தான். அவர் சொன்ன மருந்துகள் சிலவற்றில் அவருக்குப் பணத் தொடர்பு இருந்ததென ஆஸ்பத்திரி நீதிமன்றத்தில் தெரிவித்தது. காலம் கடந்ததென்று பெற்றோரே ஜூலை 24-இல் வழக்கைக் கைவிட்டனர். ஜூலை 28-இல் சிசு இறந்தது.

அப்பெற்றோரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. நோயாளியைப் பேணுபவனுக்குரிய குணங்களாக அங்குத்தர நிகாயம் ஐந்தைக் கூறுகின்றது: மருந்து அமைக்க அறிதல், தக்கதும் தகாததும் அறிதல், ஆதாயம் கருதாமல் அன்பினாற் பேணுதல், மலசலத்தை அருவருக்காமை, தம்மப் பேச்சால் மனத்தைத் தேற்றுதல். அன்பு பெற்றோரிடம் நிறைந்திருக்கும்; தக்கது தகாதது அறியும் அறிவு வைத்தியரிடம் இருக்கும்; ஆதாயம் கருதாமை யாரிடம் உள்ளதென்று பக்கத்தில் நிற்கும் நாம்தான் விசாரிக்க வேண்டும். “இந்த மருந்து இதே நோயுள்ள எத்தனை குழந்தைகளுக்கு இதுவரை தரப்பட்டது? என்ன ஆயிற்று? கொடுத்தால் எத்தனை ஊசி, எத்தனை நாள் ஆஸ்பத்திரி? பயனில்லையென்று எந்த அடையாளத்தால் அறிந்து எப்போது நிறுத்துவீர்? இதில் தங்களுக்கோ கம்பெனிக்கோ வருவது என்ன?” என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார்.

இறுதியாக நம் உபதேசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீராநோய்க் குழந்தையின் வீட்டுக்குப் போனவுடன் கிசா கோதமியின் கதையைத் தொடங்கிவிடுகின்றீர்கள். அவள் கையிலிருந்தது இறந்த குழந்தை. கடுகு தேடி வீடு வீடாகச் செல்லுமாறு பகவான் அவளை அனுப்பியது, மருந்துக்கு இடமேயில்லாத நிலையில். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையின் தாயிடம் அதைச் சொன்னால், “உன் குழந்தையை நாங்கள் இறந்ததாக எண்ணிவிட்டோம்” என்பதே அவள் காதில் விழும். அவளுக்கு அன்றைக்குத் தேவை, காகிதத்தைப் படித்துச் சொல்லும் ஒருவர். வேலூருக்கோ ஹைதராபாத்துக்கோ துணை வரும் ஒருவர். வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடும் ஒருவர்.

சோதனை மருந்து வேண்டாமென்று தீர்மானித்த வீட்டிலோ வேலை இன்னும் அதிகம். மருந்தை மறுத்தவர் சிகிச்சையையே மறுத்தவராகிவிடமாட்டார். வலி தணிக்கவும் மூச்சுத் திணறல் தணிக்கவும் வைத்தியம் உண்டு. மார்பின் போன்ற மருந்துகள் கிடைப்பதை எளிதாக்க 2014-ஆம் ஆண்டிலேயே போதைப்பொருட் சட்டம் திருத்தப்பட்டது. அதைக் கேட்டுப் பெறப் பெற்றோருடன் செல்லுங்கள். குழந்தையைக் குழாய்களுக்கிடையே விடாமல் தாய் மடியில் வைத்திருக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இரவில் முறைபோட்டு அவ்வீட்டில் இருங்கள். தாய் இரண்டு மணி நேரம் உறங்கட்டும்.